வரம்பில் நின்று செய்த வேலை

1

படிவத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் சொந்தப் பொறுப்பில் நீங்கள் எடுத்த முதலாவது பொறியியல் தீர்மானம் எது? அதை நேரில் கண்ட ஒருவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் தருக.

முதல் பாதிக்கு எனக்குப் பதில் தெரியும். இரண்டாம் பாதிக்காகத்தான் அந்தத் தாள் பத்து நாளாகச் சமையலறை மேசையில், உப்புப் போத்தலுக்கு அடியில் கிடந்தது.

நான் இருப்பது கனடாவின் நடுப்பகுதியில், கோதுமை விளையும் சமவெளியில் ஒரு சிறு நகரம். இங்கே வந்து இது மூன்றாவது மாசி மாதம். வெளியே துப்பினால் எச்சில் நிலத்தில் விழுமுன் உறைந்துவிடுமாமே என்று ஊரில் கேட்கிறார்கள். அப்படியில்லை. ஆனால் மூக்குக்குள் மயிர் உறைவது உண்மை.

அறுவடை மெசின்களை விற்றுத் திருத்தும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. கோடையில் வயலில் ஓடியவை எல்லாம் குளிர்காலத்தில் எங்கள் கொட்டகைக்கு வரும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எது தேய்ந்திருக்கிறது, எது அடுத்த அறுவடையைத் தாங்கும் என்று எழுதுவது நான். அடியில் கையொப்பம் வைப்பது வேறொருவர். இந்த நாட்டில் பட்டம் இருந்தால் மட்டும் பொறியியலாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மாகாணத்தின் சபை பதிவு செய்ய வேண்டும். பதிவுக்கு நான்கு வருட அனுபவம் வேண்டும். இங்கே எனக்கு இரண்டு வருடம் ஆகிறது. மற்ற இரண்டு வருடம் இலங்கையில், ஓட்டமாவடியில் ஒரு கராஜில் வேலை செய்தவை. அவற்றை ஏற்றுக்கொண்டால் நான் எழுதியதில் நானே கையொப்பம் வைக்கலாம். ஏற்காவிட்டால் இன்னும் இரண்டு குளிர்காலம் வேறொருவரின் பேனாவுக்காகக் காத்து நிற்க வேண்டும்.

அது மட்டும் என்றால் காத்திருப்பேன். ஆனால் அந்த இரண்டு வருடத்தை வேலையே அல்ல என்று முதலில் சொன்னது சபை அல்ல. என் அப்பா.

2

அப்பா இளையதம்பி. மட்டக்களப்பில் வவுணதீவுப் பக்கம் ஒரு போடியாரின் வயலுக்கு முல்லைக்காரன். அதாவது காணி போடியாருடையது. விதைப்பிலிருந்து நெல் வீடு சேரும்வரை பொறுப்பு முழுவதும் அப்பாவுடையது. கையொப்பத்துக்குப் பெருவிரலை நீட்டுகிறவர். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்த முதல் ஆள் நான்தான். அதை நான் அடக்கத்தோடு சொல்லும் வழக்கமில்லை.

இங்கே குடும்பப்பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரைத்தான் எழுதுகிறோம். அது இவர்களுக்கு நீளம். ஆகவே வேலையிடத்தில் என்னை 'இளா' என்கிறார்கள். என் வேலைச் சட்டையின் நெஞ்சில் அப்பாவின் பெயரில் பாதி சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருக்கிறது.

அப்பாவிடமிருந்து வந்த இன்னொன்றும் என்னோடு இருக்கிறது. எங்கள் பக்கம் நெற்கதிரை வெட்டிக் கட்டி மலைபோல அடுக்கி வைப்பதைச் சூடு என்போம். அதை அடித்து நெல்லாக்கும் இடம் களவெட்டி. களவெட்டிக்குள் செருப்போடு இறங்கக் கூடாது. பெண்கள் இறங்கவே கூடாது. குறைவைச் சொல்லும் எந்தச் சொல்லையும் வாயில் எடுக்கக் கூடாது. இல்லை, குறை, வெறுமை, முடிந்தது, எதுவுமே கூடாது. சொன்னால் பூதம் கேட்டுவிடும், நெல் ஆவியாய்ப் போய்விடும். மற்றவர்கள் களத்தோடு அதை விட்டுவிடுவார்கள். அப்பா சூடு வட்டையில், அதாவது வயல்வெளியில், நிற்கும் வரை வீட்டிலும் சொல்லமாட்டார். சோற்றுப்பானை காலியானால், "பானை நிறையோணும்" என்பார்.

சென்ற அறுவடையில் ஒரு விவசாயி தானியத் தொட்டி வெறுமையா என்று என்னிடம் கேட்டார். இன்னும் நிறையக் காத்திருக்கிறது என்றேன். வாய் அப்படித்தான் திரும்பியது. அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தானே ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார்.

3

இயந்திரப் பொறியியலை நான் தெரிந்தெடுத்தது கடல் ஊருக்குள் வந்த வருடம், சுனாமி வருடம்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். படிப்புக்காகக் கடலோரக் கல்லடியில் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தவள், நத்தார் பண்டிகை விடுமுறைக்கு வவுணதீவுக்குப் போயிருந்தேன். அதனால்தான் உயிரோடிருந்து இதை எழுதுகிறேன். சின்னம்மா ஒரு தென்னையைப் பிடித்துத் தப்பினார். வீடும் என் புத்தகங்களும் போயின. பள்ளியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து கணக்குச் செய்தவளும் போனாள். அவளைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

தை மாதம், உப்பேறிய கிணறுகளை இறைக்க எந்தெந்த நாட்டிலிருந்தோ பம்புகள் வந்தன. சின்னம்மாவின் வளவுக் கிணற்றில் ஒன்று காலையிலிருந்து ஓடியது, தண்ணீர் வரவில்லை. நான்கு ஆண்கள் சுற்றி நின்று எஞ்சினை ஏசிக்கொண்டிருந்தார்கள். நான் உறிஞ்சு குழாயின் பக்கம் போய்க் குந்தினேன். குழாய் இணைப்பு ஒன்றில் மெல்லிய சீறல் கேட்டது. தண்ணீருக்குப் பதிலாக அது காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி இறுக்கினேன். உப்புத் தண்ணீர் பாய்ந்து வந்து எல்லோரின் காலையும் நனைத்தது.

பல்கலைக்கழகத்தில் முதல் வருட முடிவில் துறையைத் தெரிவு செய்ய வேண்டும். அந்த வருடங்களில் மட்டக்களப்பிலிருந்து போன எல்லோரும் கட்டடம் என்றே எழுதினார்கள். ஊரெல்லாம் வீடு கட்ட வேண்டும், வேலை நிச்சயம். எனக்கு அந்தச் சீறல்தான் காதில் இருந்தது.

4

நான் மலைநாட்டில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வவுணதீவு உட்படப் படுவான்கரை முழுவதும் யுத்தத்தால் இடம்பெயர்ந்தது. அப்பாவும் அம்மாவும் தங்கச்சியும் பட்டணத்தில் ஒரு முகாமில் இருந்தார்கள். வட்டை புல்லாய்க் கிடந்தது. படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். அப்பா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "இஞ்ச கூடாரத்துக்க நாலாவது ஆளுக்கு இடம் காணா. அங்கயே இரி."

அவர்கள் திரும்பிப் போய் விதைத்தார்கள். பிறகு யுத்தம் முடிந்தது. அன்று நான் பல்கலைக்கழகப் பட்டறையில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றேன். வெளியே பட்டாசு வெடித்தது. எங்களுக்குச் சொல்லித் தந்த சிங்கள ஆசிரியர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போய் ரேடியோவை நிறுத்தினார். நான் கையிலிருந்த துண்டைக் கடைந்து முடித்தேன். அதற்கு நல்ல புள்ளி கிடைத்தது.

பட்டத்தோடு வீட்டுக்கு வந்து மூன்று மாதத்தில் அரச நியமனக் கடிதம் வந்தது. ஒரு திணைக்களத்தின் வாகனப் பிரிவில் உத்தியோகம். நிரந்தரம், ஓய்வூதியம் உண்டு. எந்த வாகனம் எங்கே போனது, எவ்வளவு டீசல் குடித்தது, யார் கையொப்பம் வைத்தார் என்று பதிய வேண்டும். திங்கட்கிழமை கடமைக்குச் சேர வேண்டும். அப்பா அந்தக் கடிதத்தைப் பொலித்தீன் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வட்டை முழுவதும் நடந்தார். வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதை அவருக்கு வாசித்துக் காட்டினார்கள்.

"மகளுக்கு ஜீப்பு வருமாம்" என்று ஊரில் ஒரு கதை. கடிதத்தில் ஜீப் இல்லை. நான் திருத்தவில்லை.

5

அந்தக் கிழமை வியாழக்கிழமை. யுத்தம் முடிந்த பிறகு வந்த முதல் மாரிப்போக அறுவடை. அப்பாவுக்கு மத்தியானச் சோறு கொண்டு போனேன்.

களவெட்டியில் சுனாமி மெசின் நின்றது. ஒரு பக்கம் கதிர்க்கட்டைக் கொடுத்தால் மறுபக்கம் வைக்கோலை அலைபோலத் தூக்கி எறியும் பெரிய மெசின். கடல் வந்ததற்குப் பிறகு ஊருக்குள் வந்ததால் அந்தப் பெயர். கல்லடியில் ஆட்களை இழந்தவர்களும் அதை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மெசின் ஓடவில்லை. உள்ளே ஏதோ இடிக்கும் சத்தம் கேட்டு நிறுத்தியிருந்தார்கள். சொந்தக்காரர் ஓட்டமாவடி ஹாஜியார் மோட்டார் சைக்கிளில் வந்து தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். ஓட்டுகிற ரியாஸ் முகமெல்லாம் கரியும் தூசியுமாக வந்தான்.

"எஞ்சின் முடிஞ்சி ஹாஜியார்."

அப்பா பாய்ந்தார். "டேய், வாயக் கழுவுடா! எந்த இடத்தில நிண்டு என்ன சொல்லு சொல்லுறாய்?"

"அப்ப எப்பிடிச் சொல்ற இளையதம்பியண்ணன்? எஞ்சின் நிறைஞ்சி போச்சி எண்டா?"

ஆட்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. மேற்கே மழை கறுத்துக்கொண்டிருந்தது. சூட்டில் பாதிதான் அடித்திருந்தது. நனைந்தால் நெல் கட்டுக்குள்ளேயே முளைக்கும். போடியாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அப்பா.

"மெக்கானிக் பாஸ் எங்க?" என்றார்.

"பொலநறுவைக்குப் போயிட்டான். நாளண்டைக்குத்தான் வருவான்" என்றார் ஹாஜியார்.

நான் வரம்பில் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றேன். "நான் பாக்கட்டா?"

ரியாஸ் திரும்பினான். "தங்கச்சி, இது தையல் மெசின் இல்ல."

"சும்மா இரிடா" என்றார் ஹாஜியார். "அது எஞ்சினியருக்குப் படிச்ச புள்ள. மகள், உனக்கு இது விளங்குமா?"

"பாத்தாத்தான் தெரியும்."

ஒரு காலைக் கீழே வைக்கப் போனேன். அப்பாவின் சத்தம் வந்தது. "நில்லு புள்ள. களத்துக்க இறங்கப்படா."

பதினேழு வருடம் பள்ளியும் பல்கலைக்கழகமும் போனவள் நான். காலை மேலே எடுத்தேன். கோபத்தில் காது சுட்டது. அந்தக் கோபத்தில்தான் வழியும் தெரிந்தது.

"அப்ப மெசின வரம்புக்குக் கிட்ட இழுங்க. நான் இஞ்ச நிண்டே பாக்கிறன்."

"களத்தில நெல்லுப் பொலி கிடக்கக்குள்ள மெசின் களத்த விட்டு வெளிய போறதா?" அப்பா என்னைப் பார்த்தார். சூட்டைப் பார்த்தார். மேற்கைப் பார்த்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வயல் ஓரத்தில் இருந்த ஓலை வாடியை நோக்கி நடந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போனார்.

ஹாஜியார் கையைக் காட்டினார். உழவு மெசினைக் கட்டி அதைக் களத்தின் விளிம்புக்கு இழுத்தார்கள்.

எந்தப் பெயாரிங் பழுது என்று கேட்டுப் பார்க்க ஒரு கம்பு போதும். ஒரு முனையைப் பெயாரிங்கின் கூட்டில் அழுத்திப் பிடித்து மறு முனையைக் காதோடு வைத்தால், உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். நல்லது ஒரே சீராக இரையும். கெட்டது பல்லுக்கிடையில் மண் அரைபடுவதுபோல இருக்கும். மெசினை மெதுவாக ஓடவிடச் சொல்லி, வரம்பிலிருந்து எட்டிப் பிடித்துக் கேட்டேன். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதரை ஊதித் தள்ளும் காற்றாடியின் அச்சில் வலப்பக்கப் பெயாரிங் அரைந்திருந்தது.

"நேத்து பெல்ட்ட என்ன செஞ்சீங்க?"

ரியாஸ் தலையைச் சொறிந்தான். "வழுக்கிச்சி. நல்லா இழுத்து முறுக்கி விட்டன்."

"அதுதான். பெல்ட்டு இழுத்த இழுவையில பெயாரிங் செத்திட்டு."

மாற்றுவதற்குப் பெயாரிங் பட்டணத்திலும் அன்று கிடைக்காது. நான் தீர்மானிக்க வேண்டியது இதுதான்: காற்றாடியின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கதிரடிக்கும் உருளையை மட்டும் ஓட்டலாமா? உருளையின் பெல்ட்டையும் அவன் முறுக்கியிருந்தான். அதன் பெயாரிங்கும் உள்ளே அரைந்திருந்தால், ஓடும்போது உருளை கழன்று பறக்கும். அதற்கு ஒரு கை தூரத்தில் இரண்டு பேர் நின்று கதிர் கொடுப்பார்கள். நான் சொன்னதை நம்பித்தான் கையை நீட்டுவார்கள்.

மறுபடி கேட்டேன். மறுபடியும் கேட்டேன். உருளையின் இரண்டு பக்கமும் சீராக இருந்தது.

"ஓட்டலாம். காத்தாடிப் பெல்ட்டக் கழத்திப்போட்டு, உருளப் பெல்ட்டத் தளத்திப்போட்டு ஓட்டுங்க."

"காத்தாடி இல்லாட்டிப் பதரோட விழுமே மகள்?" என்றார் ஹாஜியார்.

"விழும். நெல்லு முதல்ல கதிரை விட்டு இறங்கட்டும். பதரக் காத்துல தூத்தி எடுக்கலாம்."

மெசினை உள்ளே தள்ளி ஓட்டினார்கள். முதல் கட்டைக் கொடுத்தபோது கொடுத்தவர்களின் கைகளையே பார்த்து நின்றேன். பத்தாவது கட்டுக்குப் பிறகுதான் கண்ணை எடுத்தேன். மாலைக்குள் முழுவதும் அடித்து, சூடு தரையோடு ஆனது. தூற்றத் தொடங்கிய பிறகுதான் அப்பா வாடியிலிருந்து வந்தார். சுளகை எடுத்தார். நான் திறக்காத சோற்றுப் பாத்திரத்தோடு வீட்டுக்கு நடந்தேன். மழை அடுத்த நாள் காலை வந்தது.

6

போவதற்கு முன் ஹாஜியார் சொல்லியிருந்தார். "ரெண்டு மெசின் வெச்சிருக்கன், இன்னும் ரெண்டு எடுக்கப் போறன். எங்கட ஆக்கள் ஒடைஞ்சா மாத்துவானுகள், ஏன் ஒடைஞ்ச எண்டு பாக்க மாட்டானுகள். திங்கக்கெழம கராஜுக்கு வா மகள்."

கடிதத்திலும் திங்கட்கிழமை என்றுதான் இருந்தது.

வெள்ளியும் சனியும் ஞாயிறும் யோசித்தேன். வாகனப் பிரிவு இழிவான வேலை அல்ல. ஆனால் அங்கே போனால் நான் படித்ததை ஐந்து வருடத்தில் மரியாதையாக மறந்துவிடலாம் என்று தோன்றியது. திங்கட்கிழமை ஓட்டமாவடி பஸ்ஸில் ஏறினேன். அம்மா சோறு கட்டித் தரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அங்க பொம்புளையள் போற மாதிரிக் கக்கூசு இரிக்கா புள்ள?" அதுதான் யாரும் யோசிக்காத கேள்வி. இருக்கவில்லை. ஹாஜியாரின் மனைவி தன் வீட்டுப் பின்கதவைத் திறந்து விட்டார்.

அப்பா அந்தக் கடிதத்தைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. ஏசியிருந்தால் பதில் வைத்திருந்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு, களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் எங்கள் வட்டைப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்தாள். "இன்னும் படிச்சி முடியல்லியா புள்ள? மகள் படிச்சிக்கிட்டு இரிக்கிறாள் எண்டு ஒங்கப்பா சொல்லுறார். எத்தின வருசந்தான் படிப்பாய்?"

என் நகக்கண்ணில் கிறீஸ் இருந்தது. கையை இழுத்துக்கொண்டு, ஓம், இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றேன். அப்பா என் வேலையைச் சொல்ல வெட்கப்பட்டு, ஊருக்கு என்னை இன்னும் மாணவியாகவே வைத்திருந்தார்.

கல்லடியிலிருந்து ஒரு இளம் பெண் போன மாதம் எனக்கு எழுதியிருந்தாள். "மெக்கானிக்கல் முடித்துவிட்டேன் அக்கா. அரச வேலையா, கொம்பனியா, வெளிநாடா? எதைத் தெரிவு செய்வது?" இயந்திரம் ஓடும் சத்தம் கேட்கும் இடமாகப் பார் என்று எழுதினேன். அதற்கு என்ன விலை என்பதை எழுதவில்லை. அதற்காகவும் இதை எழுதுகிறேன்.

7

ஹாஜியார் இரண்டு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். கராஜை மூடிவிட்டார்கள். ரியாஸ் கத்தாரில் எங்கேயோ. நேரில் கண்டவர் என்று எழுத ஒருவரும் இல்லை.

இங்கே நான் இருப்பது மச்சாளின் வீட்டில். அவள் மகள் அபி இங்கேயே பிறந்தவள், பத்து வயது. நாம் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சொல்லச் சொல்ல அது குறையும் என்று முன்பு நினைத்தோம். இப்போது கேள்வி அவளுக்கு விளங்கினாலே போதும் என்று இருக்கிறோம். படிவத்தைப் புரட்டிப் பார்த்து அவள் கேட்டது இது: உங்கள் அப்பா அங்கேதானே இருந்தார், அவரை ஏன் எழுதவில்லை?

"அவர் பாக்கல்ல" என்றேன். "திரும்பிப் போயிட்டார்."

கேட்டுப் பார்த்தீர்களா என்றாள்.

கேட்கவில்லை. ஐந்து வருடத்தில் ஒருமுறையும் கேட்கவில்லை. எனக்கும் அவருடைய முதுகு உண்டு.

சபை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். உறவினர் பரிந்துரை செய்ய முடியாது, ஆனால் வேலை நடந்த இடத்தின் வாடிக்கையாளர் என்ற முறையில் நடந்ததைச் சொல்லலாம், குழு பிறகு தீர்மானிக்கும் என்றார். மொழிபெயர்ப்பாளர் வருவார். நான் தொடர்பில் இருந்து கேட்கலாம். ஒரு சொல்லும் பேசக் கூடாது.

அப்பாவுக்குச் சொன்னேன். "ஒராள் எடுப்பார். அண்டைக்குக் களத்தில நடந்ததக் கேப்பார். தெரிஞ்சதச் சொல்லுங்க. தெரியாததத் தெரியா எண்டு சொல்லுங்க."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

8

இங்கே காலை எட்டு மணி, அங்கே மாலை ஏழரை. வேலையிட வாகனத் தரிப்பில், காரின் சூட்டைப் போட்டுக்கொண்டு காதில் தொலைபேசியை வைத்திருந்தேன்.

மொழிபெயர்ப்பாளர் இளைஞர், யாழ்ப்பாணப் பேச்சு. "ஐயா, வணக்கம். உங்கட தொழில் என்ன?"

"கமம்."

"விண்ணப்பம் போட்டவ உங்களுக்கு என்ன முறை?"

"என்ட மூத்த புள்ள."

"அண்டைக்கு அவ செய்த வேலையை நீங்கள் நேரில கண்டனீங்களோ?"

பின்னால் யாரோ பாத்திரம் வைத்தது கேட்டது.

"கண்டன்" என்றார் அப்பா.

பொய் சொல்லாத மனுஷன். எனக்காகச் சொல்கிறார். அப்படி ஒரு பதிவு எனக்கு வேண்டாம் என்று கத்தத் தோன்றியது. பேசக் கூடாது.

"என்ன கண்டனீங்கள் எண்டு சொல்லுங்கோ ஐயா."

"வரம்பில நிண்டா. நான்தான் களத்துக்க இறங்க விடல்ல. மெசின இழுத்துக் கிட்ட வெச்சாங்க. வேலிக் கம்பு ஒண்ட முறிச்சிக் காதுல வெச்சா. அது பச்சக் கம்பு தம்பி. சத்தம் ஏறல்ல போல. அத எறிஞ்சிபோட்டுக் காஞ்ச கம்பொண்டு எடுத்தா. இடப்பக்கம் மூணு தரம் கேட்டா. வலப்பக்கம் மூணு தரம். கடைசித் தரம் கண்ண மூடிக்கு நிண்டா. பொறகுதான் ஓட்டச் சொன்னா."

அந்தப் பச்சைக் கம்பை நான் மறந்தே போயிருந்தேன். படிவத்தில் எழுதவில்லை. யாருக்கும் சொல்லவுமில்லை. பார்த்து நின்றவருக்கு மட்டும்தான் அது தெரியும்.

மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி அடுத்ததைக் கேட்டார்.

"அவவின்ர வேலையில ஏதும் குறை கண்டனீங்களோ ஐயா?"

"தம்பி, இது மாசி மாசம். வட்டையில சூடு நிக்கிது. அந்தச் சொல்ல நீ இஞ்ச சொல்லப்படா."

"இல்லை ஐயா, அது ஒரு வழமையான கேள்வி..."

"இல்ல எண்டும் சொல்லப்படா."

மொழிபெயர்ப்பாளர் அதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று தவித்தது எனக்குக் கேட்டது. கடைசியில், சாட்சி இந்தக் கேள்வியை மத காரணத்துக்காகத் தவிர்க்கிறார் என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

"கடைசிக் கேள்வி ஐயா. அந்த நேரம் அவவை மேற்பார்வை செய்ய ஆரும் இருந்தவையோ?"

"அப்பிடியெண்டா? பாத்துக்கு நிக்கிறதா?"

"ஓம் ஐயா, கிட்டத்தட்ட அப்பிடித்தான்."

"அப்ப நான்தான்" என்றார் அப்பா. "சோறும் தின்னாம முழு நேரமும் பாத்துக்கு நிண்டன்."

9

சபையின் கடிதம் நேற்று வந்தது. ஓட்டமாவடியின் முதல் வருடத்தை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவதற்கு இன்னும் ஆதாரம் வேண்டுமாம். இன்னும் ஒரு குளிர்காலம். ரியாஸைக் கத்தாரில் தேடிக்கொண்டிருக்கிறேன். தகுதி பெற்ற மேற்பார்வை இருக்கவில்லை, வாடிக்கையாளர் முழு நேரமும் பார்த்திருந்தார் என்று ஒரு வரி அதில் இருக்கிறது. அந்தத் தாளையும் உப்புப் போத்தலுக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன்.

ஆனால் அன்று காலை அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் நன்றி சொல்லி வைத்த பிறகு, அப்பா வைக்கவில்லை. மூச்சுக் கேட்டது.

"அப்பா, எங்க நிண்டு பாத்தீங்க?"

"வாடிக்குள்ளதான். ஓலய நீக்கிப்போட்டு."

"ஏன் ஒருநாளும் சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்ற? களத்துக்க வராத எண்டு வெருட்டினவன் நான். பொறகு ஒளிச்சி நிண்டு பாத்தன் எண்டு சொல்லவா?"

கார்க் கண்ணாடிக்கு வெளியே ஒரு மெசினைக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இண்டைக்கும் வட்டையப் பாக்கிற விதானையார் கேட்டார்" என்றார் அப்பா. "மகள் வெளிநாட்டிலயும் படிக்கிறாவா எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"படிப்பு முடிஞ்சி எண்டு சொன்னன். மெசின் திருத்துற எஞ்சினியர் எண்டு சொன்னன்."

மாசி மாதம். வட்டையில் சூடு நின்றது. அப்பா 'முடிஞ்சி' என்று சொல்லிவிட்டார்.